புளிய மரத்தடிப் பிடிமண்

உசிலம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பங்குனி வெயிலில் பத்து மைல் நடந்து வந்த மனுஷனுக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை. பாண்டியம்மாளுக்கு அது முதலில் உறைக்கவில்லை. நாலு மாதம் கழித்துப் புருஷனைப் பார்த்த சந்தோஷத்தில் சொம்புத் தண்ணீரை நீட்டினாள். நல்லகாமன் வாங்கவில்லை. வெந்நீர் கேட்டான்.

யுத்த காலம். மழை பொய்த்து அவர்கள் ஊரான எழுமலையில் விதைப்புக் காடுகள் வெடித்துக் கிடந்தன. மேற்கே மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் அவனுக்கு வேலையும், தங்க ஓர் அறையும் கிடைத்திருந்தன. அவளையும், உள்ளே தூங்கும் ஒன்றரை வயது விருமாண்டியையும் கூட்டிப்போக வந்திருந்தான். மூட்டை கட்டிக்கொண்டிருந்தவளுக்குச் சுவரைப் பார்த்தபடி புத்தி சொன்னான்.

"ஒரே மூச்சுல ஏறக்கூடாது புள்ள. நடுவுல ஒரு ராத்திரி தங்கித்தான் போகணும். போனதும் ரெண்டு நாளைக்குத் தலை கிறுகிறுங்கும், மூச்சு வாங்கும். பயந்துறாத. கரியடுப்பை உள்ள வச்சுக் கதவை இறுக்கிச் சாத்திப் படுத்தா விடிய எந்திரிக்க மாட்டோம். சுக்கு எடுத்துக்க. கம்பளி நாலு வேணும்."

"நாம மூணு பேருதானய்யா?"

வெளியே அனல் காற்று ஓலையைச் சலசலக்க வைத்துக்கொண்டிருக்க, வீட்டுக்குள் மட்டும் எங்கிருந்தோ நனைந்த மண் வாசனை மெல்லக் கிளம்பி, அடுப்புப் புகையையும் எண்ணெய் வாசத்தையும் அமுக்கிக்கொண்டு பரவியது.

ஊர் மாறிப் போகிறவர்கள் கருப்பசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப்போய், போன இடத்தில் வைத்துக் கும்பிடுவார்கள். அந்த மண்ணோடு சாமியும் கூட வரும். அதைப் பூசாரிதான் எடுத்துத் தரவேண்டும்.

"பிடிமண்ணு எடுத்துட்டுப் போனியே, வச்சுக் கும்பிட்டியா?" என்று கேட்டாள்.

அவன் குரல் இறங்கியது. "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பூசாரியை எழுப்பல. இருட்டுல நானே அள்ளுனேன். கோயில் மண்ணு இல்ல புள்ள. கோயிலுக்குப் பின்னால, புளிய மரத்தடியில அள்ளிட்டேன்."

அங்கேதான் அவர்களுடைய மூத்த மகளைப் புதைத்திருந்தார்கள். இருளாயி. மூன்று வயதில் காய்ச்சலில் போனவள்.

"மொத ராத்திரியே கதவைத் தட்டுச்சு. குளுருதுன்னு அழுதுச்சு. பெத்த மனசு, தெறந்துட்டேன். இப்ப தம்பியைக் கேக்குது."

"அவளை அங்கயே விட்டுட்டுத்தான வந்த?"

"விட்டுட்டுத்தான் வந்தேன்." அவன் தோளைத் தடவினான். "ஆனா வழியெல்லாம் இந்தத் தோளு கனத்துச்சு. இங்க வந்ததும்தான் கனம் எறங்குச்சு."

உள்ளே ஓடினாள். விருமாண்டி தூங்கிக்கொண்டிருந்தான். உடம்பு கதகதவென்று இருந்தது. அது போதும். யாருக்கும் இவனைத் தரமுடியாது. அள்ளி இடது தோளில் போட்டுக்கொண்டு கொல்லை வழியாக வெளியேறினாள்.

அண்ணன் வீடு நாலு காடு தள்ளி. ஓடினாள். வெயில். வெடித்த நிலம். ஆளே இல்லை. மூச்சு வாங்கியது. தலை கிறுகிறுத்தது. வரப்பில் நின்றாள்.

இடது தோளில் மகனின் சூடான மூச்சு.

வலது தோளில் இன்னொரு சின்னத் தலை சாய்ந்தது. ஈரமாக.

குளிர்ந்த கை ஒன்று அவள் கழுத்தைச் சுற்றி நீண்டு தம்பியின் கையைத் தேடியது. விருமாண்டி தூக்கத்திலேயே சிரித்து, அந்த விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டான்.