ஓமனா சிஸ்டரின் ஈத்தர்

உதியன்குளங்கரைச் சாலை முக்கைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் பாதையில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. ஆனந்தபாய் அங்கே நர்ஸாகச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. அன்று மதியம் டாக்டர் ஒரு சாவியைக் கொடுத்தார். பின்பக்கம் வெகுகாலமாகப் பூட்டிக் கிடக்கும் பழைய ஆபரேஷன் தியேட்டரை ஒழித்துச் சுத்தம் செய்து தர வேண்டும். பிரசவ அறையாக மாற்றப் போகிறார்களாம்.

இரவெல்லாம் டியூட்டி பார்த்து, படுக்கையில் கிடக்கும் கணவனைக் குளிப்பாட்டிவிட்டு, மறுபடி பஸ் ஏறி வந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

வெளியே இடவப்பாதிப் பருவமழை. உள்ளே நனைந்த சுண்ணாம்பின் வாடை. ஜன்னல்கள் இறுகிப்போய்த் திறக்கவில்லை. துருப்பிடித்த அலமாரியைத் தள்ளினாள். உள்ளே எதுவோ சாய்ந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

அப்போது கரண்ட் போனது. அட்டெண்டர் கனகதாஸை மெழுகுவர்த்தி கொண்டுவரச் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

இனிப்பாக, நெஞ்சை அடைக்கும் ஒரு வாசம் வந்தது.

ஈத்தர். இப்போதெல்லாம் இங்கே மயக்கத்துக்கு முதுகில் ஊசிதான். படிக்கிற காலத்தில், துணி சுற்றிய கம்பி மாஸ்க்கை நோயாளியின் முகத்தில் வைத்து, மேலே சொட்டுச் சொட்டாக ஈத்தரை விட்டிருக்கிறாள். ஆள் உறங்கிவிடும், கத்தி பட்டாலும் தெரியாது. அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்துபோய் எங்கோ இருக்கும் தீயைப் பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எழுந்து போக வேண்டும் என்பதும் தெரியும்.

ஆனால் எத்தனையோ வருடம் கழித்து உடம்பு வலிக்காமல் இருந்தது.

தலை தொங்கியது.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து அவள் தாடையைத் தூக்கிப் பிடித்தன. மயக்கத்தில் நாக்கு உள்ளே விழுந்து மூச்சை அடைக்காமல் இருக்க நர்ஸுகள் பிடிக்கும் பிடி. விரல்கள் சில்லிட்டிருந்தன.

பின்னால் சுவர்தான் இருந்தது.

"பேரு செல்லு மக்கா," என்றது காதருகே ஒரு பெண்குரல். களைத்துப்போன குரல். "செல்லிட்டே இரு. ஒறங்கிராத."

"ஆனந்தபாய்... ஆனந்தபாய்..."

"சிஸ்டரே, எங்க இருக்கிய?"

கனகதாஸ் எரியும் மெழுகுவர்த்தியோடு உள்ளே வந்தார். தரையில் கிடந்தவளைப் பார்த்துக் குனிந்தார்.

சுடர் அணைந்தது. யாரோ ஊதியதுபோல.

தீக்குச்சி உரசினார். அதுவும் அணைந்தது. இன்னொன்றை எடுத்தார்.

தாடையைப் பிடித்திருந்த கைகள் இறுகின.

"கொளுத்தாத."

ஆனந்தபாயின் வாயிலிருந்துதான் வந்தது. குரல் அவளுடையது அல்ல.

கனகதாஸ் குச்சியைக் கீழே போட்டார். அவளை இழுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினார்.

அலமாரிக்குள் துருப்பிடித்து ஓட்டை விழுந்த பழைய ஈத்தர் டின் சாய்ந்து கசிந்துகொண்டிருந்தது. யாரும் தொடக்கூடாது, பழைய ஈத்தரின் மூடியைத் திருகினாலே வெடிக்கும் என்று சொல்லிவிட்டு, டாக்டர் முக்கிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல.

வராந்தாவில் கனகதாஸ் அவளுக்குப் பாலில்லாத கட்டன்சாயா கொடுத்தார்.

"அது ஓமனா சிஸ்டருக்க குரலாக்கும். அவங்கதான் இங்க ஈத்தர் குடுக்கியது. ஒரு நாள் பக்கத்து அறையில ஊசி அவிக்கிய ஸ்டவ் எரிஞ்சிட்டு இருந்து. ஈத்தர் தரைவழியா போயி தீயைக் கூட்டிட்டு வந்து. நோயாளியத் தள்ளி வெளிய விட்டாவ. அவங்க வரல்ல."

ஆனந்தபாய் தன் தாடையைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தி நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். உடுப்புகூட மாற்றாமல் அடுக்களைக்குப் போய், கஞ்சி வைக்க அடுப்படியில் குச்சி உரசினாள். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது.

பயப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

"ஓமனா சேச்சி," என்றாள் மெதுவாக. "இங்க ஈத்தர் இல்ல. அவருக்குக் கஞ்சி குடுக்கணும்."

அடுத்த குச்சி நின்று எரிந்தது.

அவளுக்குப் பின்னால், வெகுநேரம் நின்று கால் கடுத்த ஒருத்தி, பெருமூச்சோடு தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.