சத்தம் போன ஹெல்மெட்

மற்ற இடங்களில் சாயங்காலமானால் ஜனங்கள் காற்று வாங்கப் போவார்கள். நெடுஞ்சாலை ஓரத்து அந்தச் சீட் கடைக்கு வருகிறவர்கள் காற்றிடமிருந்து தப்பிக்க வருவார்கள். நாள் முழுக்க பைக்கில் ஓடி, இறங்கிய பிறகும் காதுக்குள் ஊளை நிற்காமல், கத்திப் பேசிக்கொண்டே வந்து நிற்பார்கள். கடைக்கார அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "மெதுவாப் பேசுங்க, எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்பாள்.

பைக்குக்கு சீட் தைப்பது, முன்கண்ணாடி பொருத்துவது, ஹெல்மெட்டுக்குள் ஃபோம் மாற்றுவது, இவைதான் கடையின் வேலை. போன வருஷம் வரை அதை இரண்டு பேர் செய்தார்கள். அவள் தைப்பாள், அவள் கணவன் ஓட்டிப் பார்ப்பான். விசில்காரன் என்றால்தான் அவனைத் தெரியும். வாடிக்கையாளரின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவருடைய பைக்கை நெடுஞ்சாலையில் விரட்டி, உள்ளே விசிலடித்துப் பார்ப்பான். தன் விசில் தன் காதுக்குக் கேட்டால் வேலை முடிந்தது. கேட்காவிட்டால் திரும்பி வந்து, "இன்னும் காத்து பூருது, பிரிச்சுத் தை" என்று ஹெல்மெட்டை அவள் மடியில் போடுவான். விசிலும் எப்போதும் ஒன்றேதான். தாழ்வாக இரண்டு இழுப்பு, பிறகு மேலே ஏறும் ஒன்று. அது முடிவதற்குள் சட்டென்று நிறுத்திவிட்டு உற்றுக் கேட்பான். "ஒரு நாளாவது முழுசா அடியேன், எனக்குப் பாதியிலேயே தொங்குது" என்று அவள் சண்டை போட்டிருக்கிறாள்.

அப்படி இருட்டும் நேரத்தில் ஓட்டிப் பார்க்கப் போனவன்தான் திரும்பவில்லை. மஞ்சள் பெயிண்ட் அடித்த சின்னப் பாலத்தருகே ஏதோ ஒரு வண்டி அவனை இடித்துத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. சாலையோரப் பள்ளத்துச் சேற்றில் விடிய விடிய உயிரோடு கிடந்திருக்கிறான். "யாராவது நின்னு பாத்திருந்தா..." என்று டாக்டர் இழுத்தார். அந்த இழுப்பு அவள் காதிலிருந்து போகவே இல்லை. இடித்தது யாரென்று போலீசால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவனுடைய துணிமணிகளைத் திருப்பிக் கொடுத்தபோது, சட்டை மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு சிக்கியிருந்தது. பைக்கின் முன்னால் பொருத்துகிற, புகை நிற பிளாஸ்டிக் கண்ணாடி. அதை மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்திருந்தாள். ஆள் யாரென்று தெரிந்தால் என்ன செய்வேன் என்று தினமும் நினைப்பாள். நினைத்ததில் ஒன்றுகூட வெளியே சொல்லக் கூடியதாக இல்லை.

காற்று சுழற்றியடித்த ஒரு மத்தியானம் மெடிக்கல் ரெப் ஒருவன் வந்து இறங்கினான். நல்ல உயரம், கசங்காத சட்டை, பின்சீட்டில் மருந்துப் பை. ஊர் ஊராகப் போய் டாக்டர்களைப் பார்க்கிற வேலை.

"தலைவலி உயிர் போகுதுக்கா. மாத்திரை விக்கிறவன் நான், எனக்கே மாத்திரை கேக்க மாட்டேங்குது."

அக்கா அவன் பைக்கைச் சுற்றி வந்தாள். மலிவான குட்டைக் கண்ணாடி ஒன்று முன்னால் கோணலாக நின்றது.

"இதுதான் காத்தைத் தூக்கி நேரா உங்க கழுத்துல அடிக்குது. இது இல்லாமலே ஓட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருப்பீங்க."

"பழைய கண்ணாடி இருந்தப்ப ஒரு தொல்லையும் இல்லக்கா. அது உடைஞ்சு போச்சு, கெடச்சத மாட்டினேன்."

"உடைஞ்சது கெடக்கா? அளவுக்குக் கொண்டு வாங்க. அதே உயரம், அதே வளைவுல வெட்டித் தரேன்."

"பரண்ல கெடக்கும். தேடிப் பாக்கறேன்."

அன்றைக்கு ஹெல்மெட்டை மட்டும் சரி செய்தாள். கன்னத்துப் பக்கம் அப்பளமாகிப் போயிருந்த ஃபோமைப் பிடுங்கிவிட்டுப் புதிது வைத்தாள். கீழே கழுத்து வழியாகத்தான் காற்று அதிகம் ஏறும், அங்கே சுற்றிலும் ஒரு துணிப்பட்டை தைத்தாள். அவன் போட்டுப் பார்த்து, "அடேயப்பா, கதவைச் சாத்தின மாதிரி இருக்கு" என்று சிரித்துக்கொண்டே போனான்.

அடுத்த முறை வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"காத்து சத்தம் பாதியாயிடுச்சுக்கா. ஆனா உள்ள விசில் கேக்குது."

"முகத்துக்கு முன்னால வர்ற வைசரோட ரப்பர் தேஞ்சிருக்கும். அந்தச் சந்துல காத்து பூந்தா விசிலடிக்கத்தான் செய்யும்." அக்கா ரப்பரை ஊசியால் நெம்பிப் பிரித்துக்கொண்டே, "எப்படிக் கேக்குது, அடிச்சுக் காட்டுங்க" என்றாள்.

அவன் உதட்டைக் குவித்தான். தாழ்வாக இரண்டு இழுப்பு. மேலே ஏறும் ஒன்று. சட்டென்று நிறுத்தினான்.

கையிலிருந்த ஊசி விரலில் ஏறியது.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்க்கா. பாதியில நின்னுடுது. யாரோ அடிச்சிட்டு உத்துக் கேக்கற மாதிரி."

"எந்த இடத்துல?"

"மஞ்சப் பாலம் தாண்டினதும்."

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, பொறாமை. ஒரு வருஷமாகப் புருஷன் சட்டையை முகத்தில் போர்த்திக்கொண்டு, ஒரே ஒரு தடவை அந்த விசில் கேட்காதா என்று ஏங்கிக் கிடந்தவள் அவள். அவளிடம் வராமல், யாரோ ஒரு மருந்து விற்கிறவனின் தலைக்குள் போய் உட்கார்ந்து விசிலடிக்கிறானா? விரலில் வந்த ரத்தத்தை முந்தானையில் துடைத்துவிட்டு ரப்பரை மாற்றிக் கொடுத்தாள். அவன் போன பிறகு, 'பைத்தியம் முத்திப் போச்சு உனக்கு' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஆனாலும் ரெப்பின் பைக் சத்தம் வருகிறதா என்று தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது முறை வந்தவனைப் பார்க்கச் சகிக்கவில்லை. கண் குழி விழுந்து, சட்டை கசங்கி, கையில் பழைய போர்வை சுற்றிய பொட்டலத்தோடு நின்றான். கடைக்குள் வந்ததும் ஒருமுறை திரும்பித் தன் பின்சீட்டைப் பார்த்தான்.

"இப்ப பேசுதுக்கா."

"என்னன்னு?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே... திரும்பிப் பாருங்க."

"பாத்தீங்களா?"

"பின்னாடி யாருமில்ல. ஆனா சீட்டு அமுங்குது. பிரேக் போட்டா ஒரு ஆள் கனம் முதுகுல வந்து சாயுது. ஈர மண்ணு வாடை அடிக்குது." மறுபடி பின்சீட்டைப் பார்த்தான். "தூக்கம் கெட்டா இப்படியெல்லாம் தோணும்னு டாக்டர் சொல்றார். இன்னும் எங்கயோ காத்து பூருதுக்கா, அதுதான் பேச்சு மாதிரி கேக்குது. முழுசா அடைச்சிடுங்க. ஊசிமுனை அளவுகூட விடாதீங்க."

அக்காவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. காற்று பேசவில்லை. காற்றுதான் இத்தனை நாளும் அந்தப் பேச்சை மறைத்துக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு சந்தாக அடைக்க அடைக்க, அது இன்னும் கொஞ்சம் தெளிவாகிறது.

"டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று அவன் வெளியே போனான். அவள் போர்வையைப் பிரித்தாள்.

புகை நிறக் கண்ணாடி. கீழ் மூலையில் ஒரு துண்டு இல்லை.

டிராயரைத் திறந்து நூல்கண்டுகளை ஒதுக்கினாள். துண்டை எடுத்து மூலையில் வைத்தாள்.

பொருந்தியது.

துண்டை மறுபடி உள்ளே போட்டு, டிராயரை மூடி, அவன் வரும்வரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இது எப்படி உடைஞ்சது?"

"அதுவா... நாய் ஒண்ணு குறுக்க வந்திருச்சுக்கா."

"நாய்க்கு என்னாச்சு?"

"யாருக்குத் தெரியும்? இருட்டு நேரம். கொஞ்சம் தள்ளிப் போய் வண்டிய நிறுத்தினேன். அப்புறம்... கெளம்பிட்டேன்."

"அது ஒண்ணும் சத்தம் போடலையா?"

அவன் தலைக்கு மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தான். "ஏதோ கூப்... கத்துச்சு. ஹெல்மெட் போட்டிருந்தேன்ல, காத்து வேற. ஒண்ணும் சரியாக் கேக்கல."

அவளுக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. நாயாம். பிரித்துத் தை, பிரித்துத் தை என்று உயிரை வாங்கிய மனுஷன், சேற்றில் கிடந்து தொண்டை வற்றக் கூப்பிட்டவன், இவனுக்கு நாய். அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போகலாம். வக்கீல் வருவான், வாய்தா வரும். 'நாய் என்று நினைத்தேன், காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை' என்று இவன் கூண்டில் நின்று சொல்வான், எல்லாரும் தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொள்வார்கள். அதைக் காது கொடுத்துக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லையாம். சரி, இனிமேல் கேட்கட்டும்.

"ஹெல்மெட்டை வச்சிட்டுப் போங்க, நாளைக்கு சாயங்காலம் வாங்க" என்றாள். "உங்களுக்குன்னு தனியா செஞ்சு தரேன்."

அப்படியொரு வேலையை அவள் வாழ்நாளில் செய்ததில்லை. காற்று அவன் தலைக்கு மேலே தாண்டிப் போகும்படி புதுக் கண்ணாடியை அளந்து வெட்டினாள். ஹெல்மெட்டுக்குள் காது வருகிற இடத்தில் மெத்தென்று இரண்டடுக்கு ஃபோம் வைத்தாள். மேலே இருந்த காற்றுத் துளைகளை அடைத்தாள். கழுத்துப்பட்டையைப் பிரித்து, இன்னும் இறுக்கமாகத் தைத்தாள். மோவாய்க்குக் கீழே மாட்டுகிற வாரில் கை வைக்கவில்லை, அதன் பக்கிளைத் தொடவில்லை. யார் வந்து சோதித்தாலும் ஒரு தையல் குறை சொல்ல முடியாது.

அவன் வந்து போட்டுப் பார்த்தான். முகம் தெளிந்தது.

"உலகமே நின்ன மாதிரி இருக்குக்கா! இனிமே கேக்காதுல்ல?"

"காத்து கேக்காது" என்றாள் அக்கா.

அவன் கிளம்பினான். மஞ்சள் பாலம் இருக்கிற திசையில்தான் அவன் வீடு. கையசைத்தான், அவளும் அசைத்தாள். பின்சீட்டில் மருந்துப் பைக்குப் பின்னால் இருந்த ரெக்சின் மெல்ல அமுங்குவதைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு அவள் கொழுந்தன் வேனில் வந்து இறங்கினான். பக்கத்துக் கடையில் மெக்கானிக் வேலை செய்கிறவன். வேனின் பின்னால் ரெப்பின் பைக் ஒரு கீறல் இல்லாமல் நின்றது.

"அண்ணி, உங்க ரெப் போயிட்டான். அண்ணன் கெடந்த அதே பள்ளம்."

"விழுந்துட்டானா?"

"வண்டி விழவே இல்ல. ஸ்டாண்ட் போட்டு ஒழுங்கா நிக்குது, இண்டிகேட்டர் எரியுது. இவன் பள்ளத்துல மல்லாந்து கெடக்கறான். உடம்புல ஒரு காயம் இல்ல. நகம் மட்டும் எல்லாம் பேந்திருக்கு." கொழுந்தன் தன் மோவாயைத் தொட்டுக் காட்டினான். "ஹெல்மெட்டைக் கழட்டப் போராடியிருக்கான். ஒத்த விரல்ல கழட்டற பக்கிள் அண்ணி அது. நான் தொட்டதும் வந்திருச்சு."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ராத்திரி பூரா உசுரோட இருந்திருக்கானாம். யாராவது நின்னு பாத்திருந்தா..."

சொல்லவே கூசுகிற விஷயம், அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

போலீஸ் கேட்கும்வரை பைக்கும் ஹெல்மெட்டும் கொழுந்தன் கடையில் இருந்தன. அவன் சாப்பிடப் போன நேரத்தில் அக்கா அங்கே போனாள். ஹெல்மெட்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு மாட்டினாள்.

சத்தமில்லை. சாலையில் லாரி ஒன்று போனது, உருவம் மட்டும் நகர்ந்தது. அவள் கைவேலை அவ்வளவு சுத்தம்.

"நான்தான்" என்றாள். "முடிச்சிட்டேன். ஒரே ஒரு தடவை அடி."

காத்திருந்தாள்.

ஒன்றுமில்லை. அவன் யாருக்காக வந்தானோ அவனோடு கணக்கைத் தீர்த்துக்கொண்டு போய்விட்டான். போகிற போக்கில் அவளைப் பார்த்து ஒரு விசில்கூட அடிக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதாள், குமுறிக் குமுறி அழுதாள். மூச்சு வாங்கி அழுகையை நிறுத்தினாள்.

மூச்சு நிற்கவில்லை.

அது அவளுடைய மூச்சில்லை.

"அக்கா..."

பக்கிளைத் தேடினாள். வழுக்கியது. மறுபடி தேடினாள். நகம் மடங்கியது. எப்படிக் கழன்றதென்று தெரியாது, ஹெல்மெட் எதிர்ச் சுவரில் மோதி உருண்டு கிடந்தது.

அதைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. ஆனால் அன்றிலிருந்து கடையில் தையல் மெஷின் துணி இல்லாமலே ஓடுகிறது. ரேடியோ அலறுகிறது, மின்விசிறி கடகடக்கிறது, கொழுந்தனின் கம்ப்ரசரை நிறுத்தவிடுவதில்லை. "அண்ணி, காது கிழியுது" என்று அவன் கத்துகிறான். வருகிறவர்கள் தொண்டை கிழியப் பேச வேண்டியிருக்கிறது. மெதுவாகப் பேசுங்கள் என்று அவள் இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

நேற்று பட்டப்பகலில் கரண்ட் போனது.

ரேடியோ நின்றது. மெஷின் நின்றது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுழன்று ஓய்ந்தது. சாலையில் ஈ காக்கா இல்லை. காற்றும் நின்றுவிட்டது.

ஈர மண்ணின் வாடை வந்தது.

"அக்கா... திரும்பிப் பாருங்க."

அவள் திரும்பவில்லை. எதிரே சுவரில் சாய்த்து வைத்திருந்த புகை நிறக் கண்ணாடியில் கடையின் பின்பக்கம் மங்கலாகத் தெரிந்தது. அங்கே மேஜைமேல், காலையில் தைத்து முடித்த புது சீட் ஒன்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நடுப்பகுதி, ஒரு ஆள் உட்காருகிற அகலத்துக்கு, மெல்ல அமுங்கியது.