இருவரும் ஒருவரா?

ஜூன் 4, செவ்வாய்

இன்று மாலை வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். எழுதிவைத்தால்தான் எனக்கு உறைக்கும் என்பதால் முதலில் அதையே எழுதுகிறேன்.

குடும்ப வரலாறு தேடக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அது. நூலகத்தின் இணையதளத்தில் நம் வீட்டு ஆட்களை ஏற்றிவிட்டால், பழைய பதிவேடுகளில் அதே பெயர் எங்கே இருந்தாலும் தளமே தேடி எடுத்து வந்து காட்டுகிறது. எனக்கும் ஒன்று காட்டியது. அத்தையின் பெயர், தாத்தாவின் பெயர், எங்கள் வீட்டு எண், எல்லாம் பொருந்தின. ‘இருவரும் ஒருவரா?’ என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். தேதியைப் பார்க்கவில்லை. “பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க, தேதியப் பாருங்க” என்று நூலகர் வகுப்புக்கு வகுப்பு தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வது இதைத்தான்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். அது நகராட்சி இடுகாட்டுப் பதிவு. பெண் குழந்தை, வயது மூன்று, தொண்டை அடைப்பான் நோய், அதாவது டிப்தீரியா. அத்தை பிறப்பதற்கு முந்தைய வருடம். அத்தைக்கு ஓர் அக்கா இருந்து இறந்திருக்கிறாள். அவள் பெயரையே அடுத்துப் பிறந்த அத்தைக்கு வைத்திருக்கிறார்கள். என்னை வளர்த்து ஆளாக்கிய அத்தை இதை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. இப்போது தளத்தில் அத்தையின் படத்துக்குக் கீழே ஓர் இறப்பும், அதற்குப் பிறகு ஒரு பிறப்பும் இருக்கின்றன.

“என்னடி, மூஞ்சியில ஈயாடல?” என்றாள் அத்தை, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கம்ப்யூட்டர்ல ஒரு தப்பு பண்ணிட்டேன் அத்தை. உன்னை வேற ஒருத்தரோட சேர்த்துட்டேன்.”

“இந்த வயசுல எனக்குக் கல்யாணமா? ஆளு பாக்க நல்லா இருக்காரா?”

வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு ஒரு புளித்த வாடை வந்தது. பால் பாத்திரத்தைக் கழுவாமல் போட்டிருக்கிறேன் என்று நினைத்துச் சமையலறைக்குப் போனேன். எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

நாளை: நூலகரிடம் கேட்டுப் பார்த்து, பதிவைப் பிரிக்க வழி தேட வேண்டும்.

ஜூன் 5, புதன்

சேர்த்ததைப் பிரிக்க நூலகரின் கடவுச்சொல் வேண்டுமாம். அடுத்த வகுப்பு வெள்ளிக்கிழமை. அவசரமில்லை என்று நூலகர் தொலைபேசியில் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அத்தை காலையில் பல் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “உக்கார மாட்டேங்குதுடி. உள்ள ஏதோ முட்டுது.” நான் பல் மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்ப்பதால் வீட்டில் அத்தையின் வாயும் என் பொறுப்பு. டார்ச் அடித்துப் பார்த்தேன். பல வருடங்களாக வழுவழுவென்று இருந்த கீழ் ஈறில், முன்பக்கம், அரிசிக் குறுணை போல் இரண்டு வெள்ளை நுனிகள். வயதானவர்களுக்கு எலும்புத் துணுக்கு ஈறைக் கிழித்து மேலே வரும், எங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவாக இருக்கும். ஆனால் எலும்பு மஞ்சளாக இருக்கும். இது நீலம் பாய்ந்த வெள்ளை. குழந்தைகள் அழ அழப் பிடுங்கி, நான் பஞ்சில் சுருட்டிக் குப்பையில் போடும் பல்லின் நிறம்.

நான் எதையும் பெரிதுபடுத்துகிறவள் என்று அப்பா இருந்தவரை சொல்வார். அதனால் அளவாக எழுதுகிறேன். வாடை இருந்தது. நேற்றைவிட அதிகம். புளித்த பால், அதனடியில் ஈர மண், இரண்டுக்கும் நடுவே எலி செத்த இனிப்பு. அத்தையின் கன்னத்தைப் பிடித்திருந்த என் விரல்களைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகும் சாப்பாட்டை ஸ்பூனால்தான் எடுக்க முடிந்தது.

நாளை: அத்தையை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

காட்டவில்லை. வாசல் வரை வந்தவள் நிலையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்துவிட்டாள். புடவை தரையில் இழுபட்டது. அவளுடைய செருப்பில் பாதம் நிறையவில்லை, குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலம் காலியாகக் கிடந்தது.

பால் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். அது மூக்கு வழியாக வந்தது. திரிதிரியாக உதட்டில் இறங்கியது. அவள் அதை நாக்கால் நக்கி மறுபடி விழுங்கப் பார்த்தாள்.

வாயைத் திறக்கச் சொன்னேன். உள்நாக்கிருக்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருந்தது. நனைந்த தோல் செருப்பின் உள்பக்கம் போல. வேலைப் பழக்கத்தில் இடுக்கியால் அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். இழுத்திருக்கக் கூடாது. நீண்டுகொண்டே வந்தது, அறுந்தது, அடியில் ரத்தம் கசிந்தது. இடுக்கியில் தொங்கிய துண்டிலிருந்து கிளம்பிய வாடையில் நான் கழுவுதொட்டியில் வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தபோது, அறுந்த இடம் மூடியிருந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். “தொண்டை அடைப்பானா? இந்தக் காலத்துல அதெல்லாம் யாருக்கும்மா வருது? நீ புத்தகம் படிச்சு மிரண்டு போயிருக்க. வாடை வந்தா வாயைக் கொப்பளிக்கச் சொல்லு.”

மாலையில் அத்தை கட்டிலின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். குரல் அவளுடையதில்லை.

“அம்மா எங்க?”

மூச்சு விட முடியாமல் திணறுகிறாள். இந்த நோயில் குழந்தைகள் மூச்சடைத்துத்தான் சாவார்கள். நேற்று படித்தேன். அத்தை சாகப் போகிறாள். நான் அழுத்திய ஓர் ‘ஆம்’-ஆல்.

நாளை: காலையில், நூலகம் திறந்த உடனே.

ஜூன் 7, வெள்ளி

அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் நூலகத்துக்குப் போனேன். யாரிடம் சொன்னாலும் காறித் துப்புவார்கள். ஆனால் எங்கே தவறு நடந்ததோ அங்கே போய்த்தானே திருத்த வேண்டும்.

வகுப்பில் எல்லோரும் கண்டக்டர் என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் செய்தித்தாள் பகுதியில் உட்கார்ந்திருந்தார். “சேர்த்துட்டியா? இதுக்கா அழுற? போன மாசம் நானே எனக்கு மாமனார் ஆயிட்டேன் தங்கச்சி. வீட்டம்மா இன்னும் பேசல.” நான் சிரிக்கவில்லை என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு லேசாக மூக்கைச் சுளித்து, நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

நூலகர் கடவுச்சொல்லை அடித்துக் கொடுத்தார். “எது யாருக்குன்னு ஒவ்வொண்ணா நீங்கதான் சொல்லணும். தெரிஞ்சதை மட்டும் போடுங்க. ஊகம் வேணாம்.”

ஊகிக்கவில்லை. பிறப்பு, அவரவருக்கு அவரவர் தேதி. படம், அத்தைக்கு. இறப்பு, நோய், அடக்கம் மூன்றும் குழந்தைக்கு. கடைசியாக வசிப்பிடம். எங்கள் வீட்டு எண். ‘யாருக்கு?’ இருவருமே அந்த வீட்டில் பிறந்தவர்கள், அங்கேயே இருந்தவர்கள். பொய் எழுத மனம் வரவில்லை. ‘இருவருக்கும்’ என்று போட்டேன். ‘எதுவரை?’ என்று அடுத்த கட்டம். ஒரே கட்டம்தான் இருந்தது. அத்தை இன்னும் அங்கேதானே இருக்கிறாள். ‘இன்று வரை’ என்று போட்டுச் சேமித்தேன்.

திரையில் அத்தை ஒருபக்கமும் குழந்தை ஒருபக்கமும் ஆனார்கள்.

ஓடி வந்தேன். ஜன்னல் சாத்தியிருந்ததால் பகலிலும் அறை மங்கலாக இருந்தது. அத்தை சுவர்ப்பக்கம் ஒருக்களித்து, கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கினாள். மூச்சு சீராக வந்தது. பாதங்கள் போர்வைக்கு வெளியே, பெரியதாக, வெடிப்போடு, அவளுடைய பாதங்களாகவே இருந்தன. வாய் பாதி திறந்திருந்தது. டார்ச் அடித்தேன். வழுவழுப்பான ஈறு. சிவந்த தொண்டை. சுத்தமாக. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்து மூச்சை இழுத்தபோது வாடை அப்படியே இருந்தது.

கட்டிலில் ஒரு சத்தம். ஈரமான சத்தம். நாய்க்குட்டி பாலை நக்குவது போல.

அத்தையின் மார்புக்கும் சுவருக்கும் நடுவில் போர்வை மேடாக இருந்தது. அத்தையின் கை அந்த மேட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

“அத்தை.”

“சத்தம் போடாதடி.” அவள் கண்ணைத் திறக்கவில்லை. “அக்கா இப்பதான் தூங்குறா.”

போர்வையின் ஓரத்தைத் தூக்கினேன்.

முதலில் முடி. மண் கட்டிகட்டியாக ஒட்டிய முடி. பிறகு காது, உள்ளே மண். அத்தையின் சுருங்கிய மார்பில் வாயை வைத்திருந்தது. அங்கே பால் ஏது. ஆனாலும் எதுவோ வந்தது. வந்தது அதன் தொண்டையில் இறங்காமல், மூக்கு வழியாக, அத்தையின் கழுத்தில் வழிந்து விரிப்பை நனைத்தது. அது உறிஞ்சியது. வழிந்தது. உறிஞ்சியது.

திரும்பியது.

வாய் திறந்தது. நீலம் பாய்ந்த சின்னப் பற்கள். அவற்றுக்குப் பின்னால் சாம்பல் தோல். மூச்சுக்குத் தக்கபடி அது உள்ளே குழிந்தது. வெளியே புடைத்தது. உள்ளே. வெளியே. கண் இருக்க வேண்டிய இடங்கள் என்னையே பார்த்தன.

“பசிக்குதாம்,” என்றாள் அத்தை. செவ்வாய்க்கிழமை மாதிரியே வாய்விட்டுச் சிரித்தாள். “எத்தனை வருஷப் பசியோ, பாவம்.”

சமையலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். நக்கும் சத்தம் இங்கேயும் கேட்கிறது. அத்தை நன்றாக இருக்கிறாள்; நடுவே ஏதோ பாட்டை முணுமுணுக்கிறாள். நூலகம் சனி, ஞாயிறு விடுமுறை. மறுபடி பிரித்தால் எது யாரோடு போகும் என்று எனக்குத் தெரியவில்லை.

நாளை: மருத்துவமனைக்கு லீவு சொல்ல வேண்டும். விரிப்பைத் துவைக்க வேண்டும். பால் இன்னும் ஒரு பாக்கெட் வாங்க வேண்டும்.