மூன்றாவது அடி

யாரும் தொடாத நகரா முரசின் தோல்மேல் மணல் துள்ளிக்கொண்டிருந்தது.

நூஹு ஊர்ப் பள்ளிவாசலின் மோதினார், பாங்கு சொல்பவர். நோன்பு மாதத்தில் மாலைதோறும் அவர் மூன்று முறை நகரா அடிப்பார். மூன்றாவது அடி கேட்டதும் ஊர் நோன்பு திறக்கும். தோல் போர்த்திய அந்தச் செம்புக் குடத்தின் குணம் அவருக்குத் தெரியும். தோல் அதிர்ந்தால் உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து அதிரும். பக்கத்து வளவில் மா இடித்தால்கூட முனகும். உள்ளங்கையை வைத்தால் அடங்கும்.

இன்று எவரும் மா இடிக்கவில்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் பழைய தோல் அழுகிப்போனது. புதியது, மாவடிப்பள்ளி வயலில் அதே வெள்ளத்தில் செத்து ஒதுங்கிய எருமையின் தோல். யாருடைய எருமையென்று தெரியாது. நெருப்பில் காட்டி இறுக்கிய அதன் கருகல் வாடையும், முற்றத்துக் கஞ்சியின் ரம்பை இலை வாசமும், கடலிலிருந்து வந்த ஈரமும் அறைக்குள் கலந்து நிற்க, நூஹு தோலில் கை வைத்தார்.

அடங்கவில்லை.

நோன்பு திறக்க வந்திருந்த மசூர் கஞ்சிக் கோப்பையோடு யன்னலருகே வந்து, நேற்று நகரா பிந்தியதில் தன் கஞ்சி ஆறிப்போனதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். முகில் பொழுதை மூடியிருந்தது.

"பிந்தினாப் பரவால்ல மோதினார். முந்திராதீங்க. ஊருட நோன்பு உங்கட கழுத்துலதான் கிடக்கு."

"ஓம்," என்றார் நூஹு. கையை எடுக்கவில்லை.

நோன்பு திறக்க மணிக்கூட்டில் இன்னும் பத்து நிமிடம். கோல் மூலையில் சாத்தியிருந்தது.

தும்.

உள்ளங்கைக்குக் கீழே தோல் புடைத்து எழுந்தது. காற்றல்ல. உள்ளிருந்து ஒரு முட்டு. வெளியே பேச்சு நின்றது.

தும்.

நூஹு நகராமேல் குப்புற விழுந்தார். இரு கைகளாலும் கட்டிக்கொண்டார். தோல் சூடாக இருந்தது. எதுவோ அவர் நெஞ்சுக்கு நேரே வந்து முட்டியது. சத்தமில்லாமல். எலும்பைக் கடந்து உள்ளே போனது.

நகரா அடங்கியது.

இரண்டுதான். இன்னும் யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

யன்னலுக்கு ஓடினார். முற்றத்தில் வரிசையாக மனிதர்கள். உதட்டருகே ஈத்தம்பழம். எல்லோரும் காத்திருந்தார்கள்.

வேண்டாமென்று கத்த வாயைத் திறந்தார்.

தும்.

முற்றம் முழுவதும் பழத்தைக் கடித்தது.

மசூர் மென்றபடி நிமிர்ந்தார். யன்னலில் நின்ற நூஹுவைப் பார்த்தார். மெல்வது நின்றது. கோப்பை விழுந்தது.

நூஹு மறுபடி கத்தப் பார்த்தார். நாக்கு எதிலோ தட்டியது. ஈரம். விறைப்பு.

திறந்த வாயின் குறுக்கே, இழுத்துக் கட்டிய தோல்.