மந்திரம் அறியாத கடற்கட்டி

மேற்கே செம்மணல் தேரிகளின் பின்னால் கதிரவன் இறங்க, கிழக்கே வளர்பிறைப் பன்னிரண்டாம் நாள் நிலவு தென்பாண்டிக் கடலின் மேல் ஏறிக்கொண்டிருந்த அந்தி வேளையில், சங்கன்துறைக் கரை நெடுகிலும் ஐம்பது வள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன. அப்பால் ஓலைக் குடில்களும், முத்து வணிகர் கூடாரங்களும், அவற்றுக்கெல்லாம் நடுவே மீன்கொடி பறக்கும் ஒரு பட்டுக் கூடாரமும் தெரிந்தன. முத்துக்குளிப்பு தொடங்கி அன்றோடு எட்டு நாள்.

வாசகர்களே, இந்தக் கடல் பொல்லாத கடல். இதன் அடியில் பாறைத் திட்டுகளாக விரிந்து கிடக்கும் முத்துப் பார்களில் சில ஆண்டுகள் சிப்பிகள் மண்டிக் கிடக்கும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் மறைந்துவிடும். பத்தாண்டோ இருபதாண்டோ ஒரு சிப்பி அகப்படாது. அப்புறம் தாமாகவே திரும்பி வரும். ஏன் போயின, ஏன் வந்தன என்று அந்நாளில் எவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, தெரிந்ததுபோல் நடிக்கவும் வராது.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. வள்ளங்கள் கடலுக்குள் இருக்கும் வேளையெல்லாம் கரையிலுள்ள மணல்மேட்டில் ஒருவர் சோறு தண்ணீர் இல்லாமல் அமர்ந்து, சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்ட வேண்டும். அவருக்குக் கடற்கட்டி என்று பெயர். மேட்டில் கடற்கட்டி இல்லையென்றால், மன்னரே வந்து வாளை நீட்டினாலும் ஒருவன்கூடக் கடலில் குதிக்க மாட்டான். கடற்கட்டி இருந்த நாள்களில் சுறா வந்ததாகப் பேச்சே இல்லை. மந்திரமா, முந்நூறு பேர் ஒன்றாகக் குதிக்கும் ஆரவாரமா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த ஆண்டு மேட்டில் அமர்ந்தவள் சொக்கி என்னும் இருபது வயது மங்கை. பழைய கடற்கட்டியின் மகள் என்று ஊர் அவளை நம்பியது. கதை சொல்கிறவர்கள் இப்படிப்பட்ட இரகசியத்தைக் கடைசிவரை முடிந்து வைத்துக்கொள்வார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அவள் அவருடைய மகள் அல்லள். நெடுங்குன்றத்தை ஆண்ட வேளின் ஒரே புதல்வி இளவேண்மாள். மூன்றாண்டுகளுக்கு முன் ஏனாதி காரி என்னும் படைத்தலைவன் விருந்துக்கு வந்தவனாய் நுழைந்து நெடுங்குன்றத்துக் கோட்டையைப் பிடித்தபோது, அங்கே சங்கு விற்க வந்திருந்த கடற்கட்டிக் கிழவர் அவளைத் தம் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, தம் மாமியார் ஊரில் வளர்ந்த மகள் என்று சொல்லி வைத்தார். உயிர் தப்பிய வேளின் வீரர்கள் தென்கரையில் போய் ஒளிந்துகொண்டார்கள். அந்தக் காரிதான் இப்போது பட்டுக் கூடாரத்தில் இருக்கிறான். முத்துக்குளிப்பை மேற்பார்க்க மன்னர் அவனைத்தான் அனுப்பியிருந்தார். பார்த்தீர்களா விதியின் குறும்பை?

இன்னொன்றும் இருக்கிறது. குளிப்புக்கு இரண்டு நாள் முன்பு கிழவர் காய்ச்சலில் இறந்துபோனார். மந்திரத்தைக் கடைசி மூச்சில், பெற்ற பிள்ளையின் காதில் மட்டுமே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஊருக்கெல்லாம் அவளை மகள் என்று சொன்ன அந்த வாய், சாகும்போது பொய் சொல்ல மறுத்துவிட்டது. எட்டு நாளும் அவள் மேட்டில் அமர்ந்து முணுமுணுத்தது மந்திரமே அல்ல. மூழ்கும் முந்நூறு பேரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தப் பெயர்களில் ஒன்று மட்டும் அவள் நாவில் சற்று நின்று போகும். அந்தப் பெயருக்குரிய எயினன், அன்று மாலை, மூழ்கும்போது பிடித்து இறங்கும் தன் கல்லில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். அவள் அவனருகில் வந்து நின்றாள்.

"தெற்குப் பாரில் புலிச்சுறாவைக் கண்டதாக வலைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்களே, உண்மையா?"

"நானும் கேட்டேன். வள்ளத்து நீளம் இருக்குமாம். அதுக்கென்ன, நீ இருக்கியே."

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டாள். மந்திரம் இல்லை என்றாள். மகள் இல்லை என்றாள். தான் யாரென்றும் சொன்னாள். எயினன் கயிறு சுற்றுவதை நிறுத்தவில்லை.

"உன் பேச்சு எப்பவும் ஓலையில எழுதின மாதிரியே இருக்கும். எங்கேயோ பெரிய இடம்னு நினைச்சேன்," என்றான் கடைசியில். "வெளியே சொல்லாதே. சொன்னா காரி உன்னைத் தூக்கிட்டுப் போயிடுவான். நான் நாளைக்கும் குதிப்பேன்."

"என் பொய்யை நம்பிக் குதிப்பீர்களா?"

"உன்னை நம்பிக் குதிப்பேன்."

"நான் அதற்கு இசைய மாட்டேன்," என்றாள் அவள். "நீங்கள் ஒருவர் மட்டுமா? முந்நூறு பேர் இருக்கிறார்கள். என் ஓர் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அவர்களைச் சுறாவின் வாய்க்கு அனுப்பும் குலத்தில் நான் பிறக்கவில்லை." சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தாள்.

மறுநாள் விடியலில் கரைக்காற்று எழுந்தது. முந்நூறு பேரும் கல்லும் கயிறுமாக வள்ளங்களில் ஏறும் தறுவாயில், மேட்டில் அமர்ந்திருந்தவள் எழுந்து நின்றாள். கடற்கட்டி எழுந்தால் எல்லாரும் நிற்க வேண்டும், நின்றார்கள். தனக்கு மந்திரம் தெரியாது என்பதையும், எட்டு நாளும் தான் சொன்னது அவர்களுடைய பெயர்களே என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

பட்டுக் கூடாரத்திலிருந்து ஏனாதி காரி இறங்கி வந்தான். "கடற்கட்டியின் மகளுக்கு மந்திரம் தெரியாதா? அப்படியானால் நீ யாருடைய மகள், பெண்ணே?"

"நீர் விருந்துண்ட கையோடு வெட்டி வீழ்த்தினீரே, நெடுங்குன்றத்து வேள், அவருடைய மகள் இளவேண்மாள்."

காரியின் முகம் மலர்ந்தது. மூன்றாண்டாகத் தேடிய பொருள் தானாகவே மடியில் வந்து விழுந்தால் யாருக்குத்தான் மலராது? "பிடியுங்கள் இவளை," என்றான். வேலேந்திய வீரர்கள் மேட்டில் ஏறினார்கள்.

அப்போது மூழ்குவோரின் தலைவரான கொற்றன் தம் கல்லை மணலில் போட்டார். நாற்பதாண்டு கடலடியில் கழித்தவர், பேசுவது குறைவு.

"எட்டு நாளா சுறா வரல ஏனாதி. அவ வாயில எங்க பேரு இருந்துச்சு. மந்திரம் இல்லேன்னு அவதான் சொல்றா. சுறா அப்படிச் சொல்லலியே."

"மூடனே, இவள் அரசருக்குப் பகை."

"இருக்கட்டும். கூட்டிட்டுப் போங்க. நாங்களும் வீட்டுக்குப் போறோம்."

ஒவ்வொருவராக முந்நூறு பேரும் கல்லை மணலில் போட்டார்கள். காரிக்கு வியர்த்தது. இளவரசரின் முடிசூட்டு விழாவுக்கு ஆயிரம் முத்து வேண்டும் என்பது மதுரையிலிருந்து வந்த ஆணை, பாதிகூடச் சேரவில்லை. முத்து போகாவிட்டால் தலை தப்பாது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, இவள் நண்பகல்வரை மேட்டில் இருக்கட்டும்," என்றான்.

"இருக்க மாட்டேன்," என்றாள் இளவேண்மாள். "மந்திரம் இல்லாதவளுக்குக் கரையில் என்ன வேலை? இவர்கள் குதிக்கும் கடலில் நானும் குதிப்பேன். சுறா வந்தால் என்னிடமும் வரட்டும். இது என் தந்தையின் மேல் ஆணை."

காரி கணக்குப் போட்டுப் பார்த்தான். நண்பகலில் கடற்காற்று எல்லா வள்ளங்களையும் கரைக்கே தள்ளிக்கொண்டு வரும், எங்கே போய்விடுவாள்? தன் வீரர்கள் இருவரை எயினனின் வள்ளத்தில் அவளோடு ஏற்றி அனுப்பினான். வைகைக் கரையில் பிறந்த அந்த மாவீரர்கள் இருவரும் முதல் அலையைத் தாண்டும் முன்பே குடலைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தின் அடியில் படுத்துவிட்டார்கள். கடலைத் தெரியாதவன் கடற்கரையில் அதிகாரம் செய்தால் இப்படித்தான்.

தெற்குப் பாரில் எயினனின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கல்லோடு இறங்கினாள். மூன்றாண்டுகளில் மூழ்கக் கற்றிருந்தாள். இருவரும் அடுத்த வள்ளத்தின் மறுபக்கம் எழுந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி மூழ்கி, அதற்கடுத்த வள்ளத்தருகில் எழுந்தார்கள். ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு கை நீண்டு அவர்களைத் தாங்கியது. புறப்படும்போதே எயினன் காதில் போட்டு வைத்திருந்தபடி, தென்கோடி வள்ளத்தில் அவன் தம்பிமார் பாயைத் தயாராக வைத்திருந்தார்கள்.

கடற்காற்று எழுந்ததும் நாற்பத்தொன்பது வள்ளங்கள் கரைக்குத் திரும்பின. ஒன்று மட்டும் அந்தக் காற்றை விலாவில் வாங்கிக்கொண்டு, வேளின் பழைய வீரர்கள் ஒளிந்திருந்த தென்கரையை நோக்கி விரைந்தது. அதில் ஒருத்தி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

கரையில் காரி கொற்றனின் தோளைப் பற்றி உலுக்கினான். "எங்கே அவள்?"

"முங்கினா. அப்புறம் காணோம்." கொற்றன் தோளை விடுவித்துக்கொண்டார். "சுறா கொண்டு போயிடுச்சுன்னு மதுரைக்கு ஓலை எழுதுங்க. ஆனா சுறா வந்த கடல்ல எங்காளு ஒருத்தனும் இனி குதிக்க மாட்டான். இல்லேன்னா அவ தப்பிச்சுட்டான்னு எழுதுங்க, குதிப்போம். ஆனா கையில கிடைச்ச வேளின் மகளைத் தப்பவிட்டதுக்கு உங்க தலைதான் போகும்."

காரி கடலைப் பார்த்தான். அரைகுறையாய்க் கிடந்த முத்துக் குவியலைப் பார்த்தான். "இன்று கடலில் எவரும் காணாமற்போகவில்லை," என்றான். "நெடுங்குன்றத்துப் பெண் எவளையும் நான் கண்டதுமில்லை."

"நல்லது. அப்ப நாளைக்கு மேட்டுல யாரு உக்காருறது?"

"உன் ஆட்களில் ஒருவன் உட்காரட்டும்."

"எங்காளுக எல்லாரும் கடல்ல இருப்பாங்களே ஏனாதி. மந்திரம் வேண்டாம், பேரு தெரிஞ்சாப் போதும்."

மறுநாள் விடியலில், பட்டுடையைக் களைந்துவிட்டுச் சோறு தண்ணீர் இல்லாமல் மணல்மேட்டில் அமர்ந்திருந்த ஏனாதி காரியை, சங்கன்துறை முழுவதும் வந்து பார்த்தது. இரவெல்லாம் கொற்றன் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்திருந்தார். வள்ளங்கள் கிளம்பும்போது, "எயினன் பேரையும் அவன் தம்பிமார் பேரையும் விட்டுடுங்க; மத்த எல்லாரையும் சொல்லுங்க," என்று நினைவூட்டிவிட்டுப் போனார். அதுவரை அவர்களில் ஒருவனையும் பெயர் சொல்லி அழைத்திராத காரி, வெயில் உச்சிக்கு ஏறும்வரை, உலர்ந்த உதடுகளால் அந்தப் பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றும் சுறா வரவில்லை.