கயிற்றில் உறங்கிய பெண்

காலை பத்தரை மணி. கிணறுபோல் கீழிறங்கும் குகையின் வாயிலில் கயிறு விறைத்து நின்றது. அதன் பாதியில் ஐலேன் தொங்கிக்கொண்டிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, கைகள் துவண்டிருந்தன. மேலேயிருந்து மூன்று நண்பர்களும் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பதிலுக்கு அவர்கள் குரல்தான் திரும்பி வந்தது.

காப்புக் கயிற்றைப் பிடித்திருந்தவன் அவள் காதலன் லவுத்தாரோ. கையுறை கிடையாது. கையுறை, வழிகாட்டி, நல்ல டயர் என்று பணம் கேட்கிற எதையும் வாங்காமல் புறப்பட்ட கூட்டம் அது. கயிறு உள்ளங்கைத் தோலை உரித்தும் அவன் பிடியை விடவில்லை. யமிலாவும் கஸ்தோனும் பின்னாலிருந்து இழுத்தார்கள். ஒருவழியாக ஐலேனை மேலே கொண்டுவந்து கிடத்தினார்கள். மூச்சு இருந்தது. நினைவு இல்லை.

அர்ஜென்டினாவின் எல் போர்த்தெசுவெலோ என்ற மலைக் கிராமத்தில் ஒரு சிறிய மருத்துவ நிலையம் உண்டு. டாக்டர் சான்ஸ் அவளைப் புரட்டிப் பார்த்தாள். அடி இல்லை, கடி இல்லை. கண்ணிமையைத் தூக்கி விளக்கடித்தாள். வெளியே வந்தபோது அவள் முகம் சரியில்லை.

உள்ளூரின் ஒரே போலீஸ்காரி எல்விரா ஃபூனெஸ் வாசலில் நின்றிருந்தாள். முணுக்கென்றால் கோபம் வரும் பெண். அதற்குள் மூன்று பேரையும் வழிகாட்டி இல்லாமல் குகைக்குள் இறங்கியதற்காகக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தாள்.

"ஏதோ மயக்க மருந்து உள்ள போயிருக்கு" என்றாள் டாக்டர். "மூச்சு குறைஞ்சிட்டே வருது. நகரத்து ஆம்புலன்ஸ் மண்சரிவுல மாட்டிக்கிட்டு நிக்குது, சாயங்காலம் ஆகும். என்கிட்ட மருந்தை முறிக்கிற ஊசி ஒண்ணு இருக்கு. ஒரு வகை மருந்துக்குத்தான் அது வேலை செய்யும். வேற வகையா இருந்து நான் போட்டுட்டேன்னா, வலிப்பு வந்து செத்துப்போயிடுவா."

"யார் குடுத்தான்னு கண்டுபிடிக்கிறேன்."

"யார்ங்கிறது உன் கவலை எல்விரா. எனக்கு என்ன மருந்துன்னு தெரியணும். சீக்கிரம்."

எல்விரா பின்கட்டு அடுக்களையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொருவராக உள்ளே வரச் சொன்னாள்.

முதலில் கஸ்தோன். ஒல்லியான உடம்பு, பளிச்சென்ற கண்கள், கேட்பதற்கு முன்பே பதில். நால்வரும் மென்தோசா நகரத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் என்றான். லவுத்தாரோவின் ஓட்டைக் காரில் நேற்றுக் கிளம்பி, அந்தி சாய்வதற்குள் ஆற்றோரம் கூடாரம் போட்டார்களாம். தொத்திறைச்சி சுட்டுத் தின்றுவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டார்களாம். பிறகு குரலைத் தாழ்த்தினான். லவுத்தாரோ முன்பு யமிலாவோடு சுற்றியவன். அவளை விட்டுவிட்டு ஐலேனிடம் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. இன்று காலை அதே யமிலா ஐலேனுக்கு ஒரு மாத்திரை கொடுத்தாள்.

"நான் யார் மேலயும் பழி போடல மேடம். பாத்ததைச் சொன்னேன்."

அடுத்து யமிலா. பேரைக் கேட்டதுமே அழுதாள், அழுதபடியே சண்டைக்கும் வந்தாள்.

"அவன்தானே சொன்னான்? ஆமா, பொறாமைதான். அவங்க ரெண்டு பேரும் ஒரே போர்வைல உக்காந்து நெருப்புக் காஞ்சப்போ எனக்கு வயிறு எரிஞ்சுது. போதுமா?"

"அப்புறம் எதுக்கும்மா கூட வந்தே?"

"வீட்டுல உக்காந்து நினைச்சுக்கிட்டே இருக்கிறதுக்கு, நேர்ல பாத்துத் தொலைக்கலாம்னு வந்தேன்."

மாத்திரையா? குகைக்கு வரும் வழியில் மலை வளைவுகளில் ஐலேனுக்குக் குமட்டியது, அதனால் கொடுத்தாளாம். அட்டையை அப்படியே நீட்டினாள். எல்விரா அதை டாக்டரிடம் காட்டினாள். சாதாரண வாந்தி மாத்திரை, ஆளை இப்படிச் சாய்க்காது என்றாள் டாக்டர். அட்டை ஒன்று, உள்ளே இருந்த மாத்திரை வேறொன்று என்றும் ஆகலாமே என்று எல்விராவுக்கு ஒரு சந்தேகம். உடைக்காத அட்டையைத் தன் கையாலேயே கிழித்து ஐலேன் மாத்திரையை எடுத்ததாக லவுத்தாரோ சாட்சி சொன்னதும் அது அடங்கியது.

லவுத்தாரோவின் இரண்டு கையிலும் கட்டு. ஒரு கேள்விக்கு ஒரு கொட்டாவி விட்டான்.

"ராத்திரி தூங்கலையா தம்பி?"

"கட்டை மாதிரி தூங்கினேன் மேடம். இப்ப ஏன் இப்படி வருதுன்னு தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவ பொழைச்சுப்பாளா?"

காலையில் என்ன தின்றீர்கள், என்ன குடித்தீர்கள் என்று கேட்டாள் எல்விரா. நால்வரும் ஒரே பொட்டலத்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றிருந்தார்கள். பிறகு மாத்தே. அர்ஜென்டினாக்காரர்களை மாத்தே இல்லாமல் வண்டி ஏற்றிவிட முடியுமா? சுரைக்குடுவையில் இலைத்தூளை நிரப்பி, வெந்நீர் ஊற்றி, ஒரே உலோகக் குழலில் ஆளுக்கொரு முறை உறிஞ்ச வேண்டும். ஊற்றுகிறவர் ஒருத்தர்தான். முதல் குடுவையை அவரே குடிப்பார். அதில் தூள் மிதக்கும், கசப்பு தொண்டையைப் பிடிக்கும். அதை இன்னொருவரிடம் நீட்டுவது அவமரியாதை.

இரவு படுக்கும் முன்பே குடுவையில் தூளை நிரப்பிக் கார் முன்னிருக்கையில் வைத்துவிடுவது லவுத்தாரோவின் வழக்கம். எழுந்ததும் தண்ணீர் ஊற்றினால் போதும். சோம்பேறி என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். நேற்றும் அப்படித்தான் வைத்தான். கார் பூட்டு கெட்டு வருடக் கணக்காகிறது.

"அப்ப இன்னைக்கும் நீதான் ஊத்தினியா?"

"எப்பவும் நான்தான். இன்னைக்கு டயர் காத்துப் போயிடுச்சு மேடம். நான் வண்டிக்கு அடியில கிடந்தேன். ஐலேன் ஊத்தினா."

எல்விரா யமிலாவைத் திரும்பக் கூப்பிட்டாள். முதல் சுற்றை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னாள்.

"ஐலேன் தண்ணி ஊத்தினா. கஸ்தோன் பக்கத்துல வந்து, எனக்குக் குடுன்னு கையை நீட்டினான். 'முதல்ல எனக்குத்தான், வரிசைல வாடா'ன்னு சிரிச்சுக்கிட்டே குடிச்சிட்டா. அவன் எப்பவும் அவகிட்ட வழியறதுதானே. அடுத்தது லவுத்தாரோவுக்கு. அப்புறம் எனக்கு. அடுத்து கஸ்தோன் முறை. வயித்தைக் கலக்குது, வேணாம்னுட்டான். ரெண்டாவது சுத்தும் வேணாம்னான். அப்புறம் சரியாப் போச்சு போல, வந்து குடிச்சான்."

"உனக்குத் தலை பாரமா இருக்கா?"

"இருக்கு மேடம். அழுததாலயா இருக்கும்."

உள்ளறையில் டாக்டர் காற்றுப்பையைக் கையால் அமுக்கி ஐலேனுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அடுக்களை வரை கேட்டது. எல்விரா மூன்று பேரையும் ஒன்றாக நிற்க வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"ஐலேன் மேல யாருக்குக் கோபம்னு இவ்வளவு நேரம் தேடிக்கிட்டு இருந்தேன். புத்தி கெட்ட தேடல். அந்தக் குடுவை அவளுக்கு வச்சதே இல்ல. ஊத்துறவனுக்கு வச்சது. ராத்திரி தூளோட மருந்தைக் கலந்தவனுக்கு டயர் காத்துப் போகும்னு எப்படித் தெரியும்? முதல் தண்ணி மருந்துல பெரும்பங்கை இழுத்துடும். அது லவுத்தாரோ வாய்க்குப் போகணும். ஐலேன் வாய்க்குப் போயிடுச்சு. மிச்சம் மீதிதான் இவன் கொட்டாவியும் யமிலாவோட தலைபாரமும்."

லவுத்தாரோ திரும்பி யமிலாவைப் பார்த்தான். எல்விராவுக்குச் சுருக்கென்றது.

"அவளை முறைக்காதே. அவளும் குடிச்சிருக்கா. மருந்து வச்சவ குடிப்பாளா?" என்றாள். பிறகு கஸ்தோன் முன்னால் போய் நின்றாள். "உனக்கு வயித்துக் கலக்கல். ரெண்டு சுத்து வேணாம்ன. அதுக்கு ஒரு நிமிஷம் முந்தி மட்டும், யாரும் ஆசைப்படாத முதல் குடுவைக்கு எதுக்குப்பா கையை நீட்டின? இந்த நாட்டுல பொறந்தவன் எவனாவது அதைக் கேட்டு வாங்குவானா? வாங்கிக் கொட்டத்தான் கேட்டே. அவ குடுக்கல."

"இதெல்லாம் ஊகம் மேடம்" என்றான் கஸ்தோன்.

"ஊகம்தான். கோர்ட்டுல வக்கீல் வச்சு வாதாடு, நான் வேண்டாங்கல. அதுக்குள்ள அந்தப் பொண்ணு செத்துப்போயிருவா. எனக்கு உன் வாக்குமூலம் வேணாம். மருந்துப் பேரு வேணும்."

காற்று அமுக்கும் சத்தம் சற்று நின்று மறுபடி தொடங்கியது. கஸ்தோன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"எங்கம்மாவோட தூக்க மாத்திரை" என்று சொல்லிப் பேரையும் சொன்னான்.

எல்விரா அதைக் கதவு வழியாகக் கத்தினாள். உள்ளே அலமாரி திறக்கும் ஓசை கேட்டது.

அதன் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. ஒரே ஒரு நாள்தான் கேட்டேன் என்றான். லவுத்தாரோ கூடாரத்தில் தூங்கிக் கிடப்பான், நான் ஐலேனோடு குகையில் இறங்குவேன், அவ்வளவுதான் என்றான். அவளை முதலில் பார்த்தவன் நான், மூன்று வருடம் அவளுக்குப் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், கார் வைத்திருக்கிற ஒரே காரணத்துக்காக இவன் வந்து தட்டிக்கொண்டு போனான் என்றான். லவுத்தாரோ கட்டுப்போட்ட கையோடு அவன்மேல் பாய்ந்தான். யமிலாதான் குறுக்கே விழுந்து தடுத்தாள்.

"அவ குடிச்சதுக்கும் கயித்துல இறங்கினதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருந்துச்சு?" என்று கேட்டாள் எல்விரா. "வார்ப்பட்டை மாட்டினா, தலைக்கவசம் போட்டா. நீ பாத்துக்கிட்டுத்தானே நின்னே?"

"சொன்னா அவ என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா மேடம்."

"அரைத் தூக்கத்துல இருந்தவன் தோல் உரிஞ்சும் கயித்தை விடல. நல்லா முழிச்சுக்கிட்டு இருந்த நீ வாயைத் திறக்கல. அந்த மாத்திரையை வச்சதைவிட எனக்கு இதுதாண்டா பெருசு."

அடப்பாவி, அப்போதும் அவன் தலை குனியவில்லை.

ஊசி வேலை செய்தது. நண்பகலுக்குச் சற்று முன்பு ஐலேன் கண் திறந்தாள். லவுத்தாரோவும் யமிலாவும் உள்ளே ஓடினார்கள். எல்விரா கஸ்தோனுக்கு விலங்கு மாட்டி நடைவழியாக அழைத்து வந்தாள். அறை வாசலில் அவன் நின்றான். ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். பையன் கதறி மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்து எல்விராவும் இரங்கினாள்.

ஐலேன் கட்டிலில் சாய்ந்து, லவுத்தாரோவின் கட்டுப்போட்ட கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். யமிலா சுவரோரம் நின்று அதைப் பார்த்தாள். உள்ளுக்குள் எரியாமலா இருக்கும்? ஆனாலும் குனிந்து, நழுவிய போர்வையை எடுத்து ஐலேனின் கால்மேல் போர்த்திவிட்டாள்.

கஸ்தோன் யமிலாவைப் பார்க்கவில்லை, ஐலேனின் வெளிறிய முகத்தையும் பார்க்கவில்லை. அந்தக் கட்டுப்போட்ட கையைத்தான் பார்த்தான்.

"நான் பிடிச்சிருக்கணும் அந்தக் கயித்தை" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

எல்விரா அவன் முழங்கையைப் பற்றி ஜீப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள்.