நடுவிரல் அளவு

மடியில் வந்து உட்கார்ந்த மகளின் கனமே தெரியவில்லை. ஆறு வயது இலக்கியாவைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று காலையில்கூடப் புலம்பியிருந்தாள் சந்திரலேகா. இப்போதோ மடியில் துவைத்த துணியை மடித்து வைத்தது போல இருந்தது.

சிதம்பரத்தில் மூன்று நாளாக விடாத மழை. மதியம் மூன்று மணிக்கே அந்த ஓட்டு வீடு இருட்டிக் கிடக்க, மூலையில் முப்பரிமாண பிரிண்டர் உருகும் பிளாஸ்டிக் வாடையோடு சர் சர்ரென்று முன்னும் பின்னும் ஓடி, ஸ்ரீசக்கரத்தை மலையாக எழுப்பிய மேருவை மெல்லிய அடுக்குகளாகக் கீழிருந்து மேலே கட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சுவர் மட்டும் கெட்டி. உள்ளே தேன்கூடு போல வெற்று அறைகள். எடை குறையட்டும் என்று அவள்தான் அப்படி அமைத்திருந்தாள்.

"ஏண்டி, சோறு தின்னியா இல்லியா?" என்று மகளின் முதுகில் தட்டினாள்.

டொக்.

காலிக் குடத்தின் சத்தம்.

அந்நேரம் போன் அடித்தது. தன் வீட்டுப் பூசைக்கு மேரு கேட்டிருந்த புவனகிரி ஞானசேகரன்.

"மழ விட்டதும் வரேம்மா. என் நடுவிரல அளந்துகிட்டு அப்பறம் தொடங்குங்க. யாரு பேருக்குப் பூசையோ அவுங்க விரலளவுலதான் மேரு எழும்பணும்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அளவு வரும்வரை பொறுக்காமல், மாதிரிக்குத்தானே என்று, காலையில் பக்கத்தில் விளையாடிய இலக்கியாவின் விரலை அளந்து பிரிண்டரை ஓடவிட்டிருந்தாள்.

"சார்... எம் பொண்ணு விரல வெச்சிட்டேன். நிறுத்திடவா?"

மறுமுனையில் ஞானசேகரன் அலறினார்.

"ஐயோ, நிறுத்தாதீங்க! உச்சில புள்ளி விழுந்து மூடணும். நடுவுல நின்னா அளவு குடுத்த ஒடம்பும் தொறந்தே கெடக்கும்."

இன்னும் பதினொரு நிமிடம் என்றது திரை. சந்திரலேகா எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். விலா நெளிந்தது.

மின்சாரம் போனது.

பிரிண்டரைத் தாங்கிய யூபிஎஸ் பேட்டரி கீச்சிட்டது. ஓடு. ஓடிவிடு. என் பிள்ளையை மூடிவிடு.

திரையில் நான்கு நிமிடம். மூன்று. இரண்டு.

கீச்சொலி அடங்கியது. பிரிண்டர் நின்றது. புள்ளி விழவில்லை.

"அம்மா... தலைல காத்து அடிக்குது."

மகளின் உச்சி முடியை விலக்கினாள். தோல் இல்லை. எலும்பு இல்லை. வரிசை வரிசையாக ஆறுமூலை அறைகள், கழுத்துக்கும் கீழே, இருட்டுக்குள் இறங்கின.

ஓட்டிலிருந்து ஒரு சொட்டு ஒழுகி அதற்குள் விழுந்தது. அது அடியைத் தொட்ட சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று.